ராக் பாடலை வேறு பாணிக்கு மாற்றும்போது எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

எதைக் கேட்டவுடன் அந்தப் பாடல் பிடிபடுகிறதோ, அதில் கை வைக்காதீர்கள். ராக் இசையில் அது பெரும்பாலும் கிதார் துணுக்காகவோ தாளமாகவோ இருக்கும்.

அமெரிக்க ராக் குழுவான ஏரோஸ்மித்தின் ‘வாக் திஸ் வே’ (1975) பாடலைப் பாருங்கள். முதலில் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும். பிறகுதான் ஜோ பெர்ரியின் கிதார் நுழையும். நியூயார்க்கின் ஹிப்-ஹாப் டிஜேக்களுக்கு அந்தத் தொடக்கமே போதுமானதாக இருந்தது. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, சில நொடித் தாளத்தை வேண்டிய மட்டும் நீட்டினார்கள். ரன்-டிஎம்சி என்ற ஹிப்-ஹாப் குழுவினர் அதன்மேல் ராப் செய்து பழகியவர்கள். தயாரிப்பாளர் ரிக் ரூபின் முழுப் பாடலையும் பாடச் சொன்னபோது, அந்த வரிகள் அவர்களுக்குத் துளியும் பிடிக்கவில்லை!

ஆனாலும் பாடினார்கள். 1986-இல் வந்த அவர்களின் பதிவில் கிதார் துணுக்கும் பல்லவியும் மாறவில்லை. ஏரோஸ்மித்தின் பாடகர் ஸ்டீவன் டைலரும் பெர்ரியும் நேரில் வந்து பாடி, வாசித்தார்கள். சரணங்களை மட்டும் ராப்பர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். மூலத்திலேயே டைலர் சொற்களைப் பேச்சு வேகத்தில் அடுக்கியிருந்ததால் ராப் இயல்பாக ஒட்டியது. என் கணிப்பில் வெற்றியின் பாதி அதுதான். அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசையில் மூலப் பாடல் எட்டியது 10-ஆம் இடம். புதியது 4-ஆம் இடம்.

நீங்கள் எடுத்த பாடலில் சுரங்கள் நீண்டு இழைந்தால் ராப் வேண்டாம். ஜமைக்காவின் ரெக்கே பாணியை முயலுங்கள்: வேகத்தைக் குறைத்து, கிதாரை இரண்டாவது, நான்காவது தட்டுகளில் வெட்டி வாசித்தாலே பாடலின் நடை மாறிவிடும்.