சாய்ந்த சோளத்தைத் தூக்கிக் கட்டலாமா?

கேள்வி: எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் சோளம் போட்டிருக்கிறேன். போன வாரம் காற்றோடு அடித்த மழையில் பாதிச் செடி படுத்துவிட்டது. கயிறு வாங்கி வந்து பார்த்தால் நுனியெல்லாம் தானாகவே மேலே வளைந்து நிற்கிறது! வெயிலைத் தேடி நிமிர்கிறது என்கிறார் மாமியார். அப்படியா ஐயா? கட்டட்டுமா, விட்டுவிடட்டுமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கயிற்றைக் கொடி கட்ட வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. வெளிச்சம் வரும் பக்கம் செடி சாயும் என்பது சரிதான், ஆனால் உங்கள் சோளத்தை நிமிர்த்துவது பூமியின் ஈர்ப்பு. மாமியார் நம்பவில்லை என்றால், இளசான தண்டில் நடுவில் கணு வருகிற மாதிரி ஒரு துண்டு நறுக்கி, ஈரத்துணி மேல் இருட்டு அலமாரியில் படுக்க வையுங்கள். வெளிச்சமே இல்லாமல் கணுப்பக்கம் வளையும். 1806-லேயே தாமஸ் நைட் என்ற ஆங்கிலேயர், தண்ணீர் விசையால் சுழலும் சக்கரத்தில் அவரை விதைகளைக் கட்டி முளைக்க விட்டுப் பார்த்தார். சக்கரம் சுழலும்போது வெளியே தள்ளும் விசையையே ஈர்ப்பு மாதிரி எடுத்துக்கொண்டு, வேரெல்லாம் சக்கரத்தின் வெளிப்பக்கம், தண்டெல்லாம் நடுப்பக்கம் போயின.

தண்டு முழுக்க வளைவதில்லை. விரலால் தடவினால் கணுவை ஒட்டி சற்றே தடித்த வளையம் ஒன்று தட்டுப்படும், அதுதான் புல்வினஸ். ஓட்ஸ், கோதுமை, பார்லியில் இலையுறையின் அடியில் இருக்கும். சோளத்தில் தண்டிலும் உண்டு. அங்கே சில செல்களுக்குள் மாவுச்சத்து மணிகள் கிடக்கின்றன. பாதி மணல் போட்ட போத்தலைப் படுக்க வைத்தால் மணல் பக்கவாட்டில் சரியும் இல்லையா, அதேபோல் செடி சாய்ந்த சில நிமிடங்களில் மணிகள் சரிந்து புதிய அடிப்பக்கத்தில் போய் உட்காரும், அதை வைத்துத்தான் எது கீழ் என்று செல்லுக்குத் தெரிகிறது. அப்புறம் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அடிப்பக்கத்தில் கூடுதலாகச் சேர்கிறது, அங்குள்ள செல்கள் நீள்கின்றன, மேல்பக்கம் அநேகமாகச் சும்மா இருக்கிறது, தண்டு மேலே வளைகிறது. (வேரில் இதே ஆக்சின் அதிகமானால் வளர்ச்சி குறையும், அதனால் வேர் கீழே வளையும். ஒரே சரக்கு, நேர் எதிர் வேலை!) ஓட்ஸில் ஏறத்தாழ அரை மணி நேரத்திலேயே வளைவு தொடங்கிவிடுகிறது. வளைந்த கணு ஒன்றை நீளவாக்கில் பிளந்து பாருங்கள், வளையத்தின் அடிப்பக்கம் நீண்டும் மேல்பக்கம் குட்டையாகவும் இருக்கும்.

ஒரு கணுவால் முழுதாக நிமிர்த்த முடியாது, அடுத்தடுத்த கணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் வளைந்து பங்கு போட்டுக்கொள்கின்றன. பொங்கலுக்கு வாங்கும் கரும்பில் சிலது கோணலாக வருகிறதே, அதுவும் எங்கோ சாய்ந்து எழுந்ததுதான். நெல்லுக்கும் இந்தக் குணம் உண்டு. லேசி1 என்ற மரபணு கெட்டுப்போன நெல் நிமிராமல் பரந்து படர்கிறது.

இப்போது ஏன் தூக்கக் கூடாது? நீண்ட செல் திரும்பச் சுருங்காது. நீங்கள் அடித்தண்டை நேராக்கினால் ஏற்கெனவே நிமிர்ந்த நுனி மறுபக்கம் சாய்ந்துவிடும், செடி இன்னொரு முறை வளைய வேண்டும், போதாக்குறைக்குப் பிழைத்திருக்கும் வேரும் அறும். அடியில் மண் அணைத்தால் போதும். பூ வராத இளஞ்செடி நன்றாகவே எழும். பூ வந்த பிறகு சாய்ந்தது என்றால் கணு முற்றியிருக்கும், அரைகுறையாகத்தான் நிமிரும், ஆனாலும் கதிர் எடுக்கலாம். கதிருக்குக் கீழே தண்டு முறிந்தே போன செடிகளை மட்டும் பிடுங்கி ஆட்டுக்குப் போடுங்கள்.