இனிமேல்பார் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இருபது வருடமாக நண்பர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளில் அடைப்புக்குறி, புள்ளி, சாய்கோடு வைத்துப் படம் போட்டு வருகிறேன். முயல், குடை, கப்பல் எல்லாம் வரும். புதுக் கைபேசியில் எல்லாமே சரிந்து விழுகின்றன. முயலின் காது முதுகுக்குப் போய்விட்டது. இதைச் சரிசெய்ய வழி உண்டா? "அதுக்குத்தான் இமோஜி இருக்கே" என்கிறாள் மகள். தமிழ் எழுத்தை வைத்தும் வரைந்து பார்த்தேன், வரிசையே நிற்கவில்லை. இந்த விளையாட்டெல்லாம் ஆங்கிலத்துக்குத்தான், நம் மொழிக்கு ஒத்துவராது என்று தோன்றுகிறது. ஐம்பது வயதில் இதற்காக நேரம் செலவழிப்பது சரியா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போன வாரம்தான் ஒரு பழைய கைபேசியில் இருந்த செய்திகளை நோட்டில் கையால் எழுதி எடுத்தேன். அந்த நோட்டு மேஜையில் கிடக்கும்போதே உங்கள் கடிதம் வந்தது.

முதலில் முயல். தட்டச்சுப்பொறியிலும் பழைய கணினித் திரையிலும் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். இப்போதைய கைபேசியில் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும், இடைவெளியோ ரொம்ப ஒல்லி. நீங்கள் இடைவெளிகளை அடுக்கித்தான் காதுக்கு இடம் பிடித்திருப்பீர்கள். அது சுருங்கியதும் காது நகர்ந்துவிட்டது. வாட்ஸ்அப் என்றால் செய்தியின் முன்னும் பின்னும் மும்மூன்று சாய்ந்த ஒற்றைக்குறி (`) போடுங்கள், முயல் எழுந்துகொள்ளும். மகள் சொல்வதை விடுங்கள். வயதுக் கேள்வியையும் விடுங்கள்.

ஆனால் 'நம் மொழிக்கு ஒத்துவராது' என்று எழுதினீர்களே, அதை எப்படி விடுவது? ஒரு முயல் நிற்கவில்லை என்பதற்காக மொழியின் மேலேயே பழி போடுவதா? இணையத்தில் தமிழ் தெரியாதவர்கள்கூட நம் எழுத்துப் பட்டியலில் இருக்கும் 'ஜ'வை அதன் சுழிக்காகவே எடுத்து, தங்கள் பெயருக்கு இரண்டு பக்கமும் பூ மாதிரி வைத்து அழகு பார்த்தார்கள். நீங்கள் கையில் வைத்துக்கொண்டே இல்லை என்கிறீர்கள்.

நீங்கள் தேடியது கோட்டில். தமிழின் விளையாட்டு இடைவெளியில் இருக்கிறது. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதும் வழக்கம் கிடையாது. பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் வைக்கமாட்டார்கள். எங்கே வெட்டுவது என்பது படிக்கிறவர் பொறுப்பு. பலகை ஒரு பொருள், பல கை வேறு. தாமரை பூ, தா மரை என்றால் தாவுகிற மான். எட்டு ஓர் எண், எள் து என்று பிரித்தால் எள்ளைத் தின்னச் சொல்கிறது ('து' என்றால் உண்). ஒரு தொடரை வேறு இடத்தில் பிரித்து வேறு பொருள் காண்பதற்குப் பிரிமொழிச் சிலேடை என்று பெயரே வைத்திருக்கிறது தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல். இதற்குப் படம் வேண்டாம், ஒரே அகல எழுத்து வேண்டாம். எந்தக் கைபேசிக்குப் போனாலும் சரியாது. இவ்வளவு இருக்க, ஒத்துவராதாம்!

என் அக்காவுக்கு இது கைவந்த கலை. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும், தமிழ் என்றால் 70தான். அதிலும் புள்ளி தனிக்கணக்கு, கொம்பு தனிக்கணக்கு. 'பார்' நமக்கு இரண்டு எழுத்து, கருவிக்கு நான்கு. 71 ஆகிவிட்டால் இரண்டு செய்திக்கான காசு. அதனால் அக்கா இடைவெளியே விடமாட்டாள். நான் ஒவ்வொரு செய்தியையும் வாய்விட்டுப் படித்துத்தான் வெட்டுவேன். 'வந்ததும்பிடித்தது' என்று ஒருமுறை அனுப்பினாள். அதில் ஒரு தும்பி பறப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

2009இல் எங்களுக்குள் பெரிய சண்டை. காரணம் இங்கே வேண்டாம். இரண்டு வாரம் கழித்து அவளிடமிருந்து இது வந்தது:

பேச்சைநீதான்நிறுத்தினாய்
சண்டைஉன்னால்தான்
வாயைஅடக்கு
இனிமேல்பார்

மிரட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். மூன்று மாதம் பேசவில்லை. பிறகு வீட்டு விசேஷம் ஒன்றில் பார்த்து, எப்படியோ பேச்சு திரும்பியது. அந்தச் செய்தியைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

போன வாரம் அதை நோட்டில் எழுதினேன். கடைசி வரியில் 'இனி' என்று எழுதியதும் மை வரவில்லை. பேனாவை உதறிவிட்டுத் தொடர்ந்தபோது நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. இனி மேல்பார். மேலே பார்த்தேன். ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று வரிகளின் முதல் எழுத்துகள் நின்றன: பே, ச, வா.

உட்கார்ந்து எண்ணினேன். வரி முறிப்பையும் சேர்த்து 64. 'இனி மேல் பார்' என்று எல்லாச் சொல்லையும் பிரித்து எழுதியிருந்தாலும் சரியாக 70தான் ஆகியிருக்கும். இடம் இருந்தது. தெரிந்தேதான் சேர்த்து எழுதியிருக்கிறாள்.

ஒரு சிரிப்புக்குறி இருந்தால் புரிந்திருக்குமே என்பீர்கள். 1982இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் அந்த :-) குறியை முன்வைத்ததே, வேடிக்கையாகச் சொன்னதை யாரும் நிஜமென்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான். ஆனால் அக்கா வேடிக்கை பண்ணவில்லை. அவள் கோபம் நிஜம், கூப்பிட்டதும் நிஜம். சிரிப்புக்குறி போட்டிருந்தால் கோபம் பொய்யாகியிருக்கும். சேர்த்து எழுதியதால்தான் இரண்டும் அங்கே இருந்தன. வெட்டத் தெரிந்த தம்பிதானே, வெட்டிக்கொள்வான் என்று நம்பியிருக்கிறாள்.

உடனே போன் செய்து நான்கு வரியையும் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அன்னைக்கு ராத்திரி பூரா போனைக் கையிலேயே வெச்சிருந்தேன்டா" என்றாள்.

அடுத்த கடிதத்தில் முயல் வேண்டாம். நாலு சொல்லை இடம் விடாமல் சேர்த்து எழுதி அனுப்புங்கள். எங்கே வெட்டுவது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.