எந்த வரி விடையைத் தந்தது?

அன்புள்ள ஐயா,

நான் கணித ஆசிரியை. பத்தாம் வகுப்பு விடைத்தாளில் படிக்குப் படி மதிப்பெண் போட்டுப் பழகிய கை. சென்ற வாரம் என் மகன் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கணக்கு ஒன்றைக் கொடுத்தான். விடை சரிதான். ஆனால் அதற்கு முன்னால் மூன்று பக்கம் யோசித்து எழுதியிருந்தது. பாதி வெறும் கூட்டல், பெருக்கல். நடுநடுவே "இல்லை, வேறு மாதிரி பார்க்கலாம்" என்ற தடுமாற்றம். இதில் விடைக்கு உண்மையில் உதவிய வரி எது? அதை அளக்க வழி உண்டா?

— ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

உண்டு. ஒரு மாணவனை ஏழாவது வரியில் நிறுத்தி, நினைவை அழித்து, "இங்கிருந்து மறுபடி எழுது" என்று நூறு முறை கேட்க நம்மால் முடியாது. இயந்திரத்திடம் முடியும். அளவீடு முழுவதும் இந்த ஒரு வசதியின் மேல்தான் நிற்கிறது.

2025-இல் நீல் நந்தா உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் இதைத்தான் செய்தார்கள். ஒரு வரியை வைத்துக்கொண்டு அங்கிருந்து நூறு முறை தொடரவிட்டார்கள்; அந்த வரிக்கு முன்பே நிறுத்தியும் நூறு முறை தொடரவிட்டார்கள். இறுதி விடைகள் எவ்வளவு மாறுகின்றனவோ அவ்வளவு அந்த வரியின் எடை.

அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு ஒன்று உங்களுக்குப் பிடிக்கும். பதினாறை அடியாகக் கொண்ட முறையில் எழுதிய 66666 என்ற எண்ணை இருநிலையில், அதாவது 0, 1 மட்டும் கொண்டு எழுதினால் எத்தனை இலக்கங்கள்? ஓர் இலக்கத்துக்கு நான்கு வீதம் ஐந்துக்கு 20 என்று அவசரப்பட்ட மனம் சொல்லும். மாடலும் (இத்தகைய செயலிகளுக்குள் இயங்கி விடை எழுதும் நிரல்) அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் 6 என்பது இருநிலையில் 0110. முதல் 6-இன் தலையிலுள்ள பூச்சியம் கணக்கில் சேராது. சரியான விடை 19.

மாடலைக் காப்பாற்றியது, "இந்த எண்ணைப் பத்து நிலைக்கு மாற்றியும் பார்க்கலாமே" என்ற பொருளில் வந்த ஒரு வரி. அதன்பின் எல்லாம் தானாக நடக்கும்: எண் 419430; அது இரண்டின் 18-ஆம் அடுக்கான 262144-க்கும் 19-ஆம் அடுக்கான 524288-க்கும் இடையில் இருக்கிறது; எனவே 19 இலக்கங்கள். நாம் திருத்தினால் அந்தப் பெருக்கல்களுக்குத்தான் மதிப்பெண் போடுவோம். "மாற்றியும் பார்க்கலாமே" என்பதற்கு ஒன்றும் போடமாட்டோம். அளந்து பார்த்தபோது, திட்டமிடும் வரிகளுக்கும், சந்தேகப்பட்டுத் திரும்பும் வரிகளுக்குமே பொதுவாக எடை அதிகம் இருந்தது. நீங்கள் தடுமாற்றம் என்று எழுதியது இந்த இரண்டாம் வகை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது; எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடமும் அதுவே. ஒரு வரியை எடுத்துவிட்டால் மாடல் அதையே வேறு சொற்களில் மறுபடி எழுதிவிடலாம். அப்போது விடை மாறாது. வரிக்கு எடையே இல்லை என்று நாம் ஏமாந்துபோவோம். அதனால், புதிதாக வந்த வரி பழையதிலிருந்து பொருளிலேயே வேறுபட்ட ஓட்டங்களை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிட்டார்கள்.

உங்களைப் போலவே படிக்கு மதிப்பெண் போட்டவர்களும் உண்டு. 2023-இல் ஓபன்ஏஐ நிறுவனம் மனிதர்களை வைத்து ஏறக்குறைய 8 லட்சம் படிகளுக்குச் சரி, தவறு, இரண்டுமில்லை என்று குறியிடச் செய்தது. இறுதி விடையை மட்டும் பார்த்துப் பழகிய மதிப்பீட்டு மாடலைவிட, இந்தக் குறிகளில் பழகியது சரியான தீர்வுகளை நன்றாக அடையாளம் கண்டது. பயனுள்ள வேலை. ஆனால் அது ஒரு படி சரியா என்று சொல்லும். அந்தப் படி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லாது.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. அதே 2023-இல் ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மாடலின் யோசனையைப் பாதியில் வெட்டினார்கள். வேண்டுமென்றே தவறான வரியை நுழைத்தார்கள். யோசனை இருந்த இடத்தில் வெறும் புள்ளிகளை நிரப்பினார்கள். இயற்கணிதச் சொற்கணக்குகளில் யோசனையை வெட்டியபோது விடை அடிக்கடி மாறியது. எளிய பள்ளி அறிவியல் வினாக்களிலோ பெரும்பாலும் அப்படியே நின்றது. அதாவது அங்கே அந்தப் பத்திகள் விடையைத் தாங்கவே இல்லை. படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நாளை மருத்துவ ஆலோசனைக்கும் கடன் விண்ணப்பத்துக்கும் இயந்திரம் எழுதித்தரும் காரணங்களை நம்பி முடிவெடுக்கப்போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் மகனோடு வீட்டிலேயே இதைச் செய்து பாருங்கள். சில செயலிகள் யோசனையின் சுருக்கத்தை மட்டுமே காட்டும். அதை வெட்டிப் பயனில்லை. அதனால் எல்லாப் படிகளையும் பதிலிலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு "வேறு மாதிரி பார்க்கலாம்" என்ற வரிக்குச் சற்று முன்புவரை நகலெடுத்து, ஒவ்வொரு முறையும் புதிய உரையாடலில் ஒட்டி, தொடரச் சொல்லுங்கள். பத்து முறை போதும். அந்த வரியையும் சேர்த்து இன்னொரு பத்து முறை. விடைகளை இரண்டு பத்திகளாக எழுதிவைத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.