ரோமானியர்கள் வெள்ளிக் காசை அரசியல் பிரசாரத்துக்கு எப்படிப் பயன்படுத்தினார்கள்?

சுமார் 4 கிராம் எடையுள்ள தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசில்தான் படைவீரனுக்குச் சம்பளம். பேச்சு எட்டாத முகாமுக்கும் காசு போய்விடும். அதனால் அதில் என்ன பொறிப்பது என்பதே அரசியல்.

கி.மு. 44 தொடக்கத்தில் சீசர் உயிரோடிருக்கும்போதே ரோம் நகரக் காசில் தன் தலையைப் பதித்தார். அதுவரை அந்த இடம் தெய்வங்களுக்கும் முன்னோர்களுக்கும்தான். மார்ச் 15 அன்று அவரைக் கொன்றார்கள். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் கி.மு. 43–42இல் அடித்த காசைப் பாருங்கள்: இரண்டு குத்துவாள்கள், நடுவில் விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பி, கீழே 'ஈட் மார்', அதாவது கொலை நடந்த தேதி. மறுபக்கம்? புரூட்டஸின் தலையேதான்! சர்வாதிகாரத்தை எதிர்த்தவரும் அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

சீசரின் தளபதியாக இருந்த ஆன்டனி கி.மு. 32–31இல் ஒரு பக்கம் போர்க்கப்பல், மறுபக்கம் படைப்பிரிவின் எண் என்று அடித்தார். 'இது உன் படையின் காசு' என்று வீரனிடமே சொல்லும் உத்தி. வெள்ளித் தரம் குறைவு; அதனாலேயே யாரும் பதுக்கவில்லை, 200 ஆண்டுகளுக்கு மேல் கைமாறித் தேய்ந்தது.

ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் பிற்பாடு தன் வாரிசுகளான கேயஸ், லூசியஸ் இருவரையும் காசில் கேடயங்களோடு நிற்க வைத்தார். கோவை வட்டாரப் புதையல்களிலும் அந்தக் காசுகள் கிடைத்திருக்கின்றன. இங்கே அன்று அவற்றுக்கு மதிப்பு படத்துக்காக அல்ல, வெள்ளிக்காகத்தான்.