கேளுங்கள், சொல்கிறேன்: திருகோணமலையும் நாகப்பட்டினமும்

கேள்வி: ஐயா, "திருகோணமலை திரும்பக் கிடைத்தது, நாகப்பட்டினம் போனது, இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில்" என்று எங்கள் அப்பப்பா சொல்லுவார். உண்மையா? பிரெஞ்சுக்காரர் ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) நண்பர்கள்தானே, ஏன் இரண்டையும் மீட்டுக் கொடுக்கவில்லை?
– வாசகி, மூதூர்

பதில்: அப்பப்பா சொன்னது சரி, மகள்.

1780 டிசம்பரில் ஆங்கிலேயர் ஒல்லாந்தர்மேல் போர் தொடுத்தார்கள். அடுத்த நவம்பரில் நாகப்பட்டினம் விழுந்தது. 1782 ஜனவரியில் ஹியூஸ் என்ற ஆங்கிலத் தளபதி நம் திருகோணமலைக் கோட்டைகளைப் பிடித்தார். எட்டு மாதம்கூட நிலைக்கவில்லை. ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் வந்து பறித்துக்கொண்டார். அதாவது, ஊர் ஒல்லாந்தருடையது, அதைக் கையில் வைத்திருந்தது அவர்களுடைய கூட்டாளி.

பாரிஸில் சமாதானப் பேச்சு தொடங்கியபோது ஒல்லாந்தர் இழந்ததெல்லாம் வேண்டும் என்று நின்றார்கள். அவர்களுக்காகவும் சேர்த்துப் பேசிய பிரெஞ்சு அமைச்சர் வெர்ஜெனுக்கோ போர் சீக்கிரம் முடிய வேண்டும், பணம் கரைந்துகொண்டிருந்தது. 1783 ஜனவரி 20 அன்று பிரான்ஸ் தன் பூர்வாங்க உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. ஒல்லாந்தருக்குப் போர்நிறுத்தம் மட்டும்தான். அப்புறம் தனியாக என்ன பேரம் பேச முடியும்? 1784 மே 20 ஒப்பந்தத்தில் திருகோணமலை திரும்பியது, நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடமே நின்றது. இரண்டு ஊர்ச் சனத்தையும் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இன்றும் மனம் ஆறாத இடம் இதுதான்.

வெர்ஜெனைத் துரோகி என்று சொல்லமாட்டேன். திருகோணமலைத் துறைமுகம் ஆங்கிலேயர் கைக்குப் போகாமல் அவர் உறுதியாக நின்றார். காரணம் காற்று. வாடைக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை; நம் உள்துறைமுகத்தில் எந்தக் காற்றுக்கும் நிற்கலாம். அது பிரான்ஸுக்கும் வேண்டியிருந்தது. நாகப்பட்டினம் அப்படி வேண்டியிருக்கவில்லை.

1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையை மறுபடி பிடித்தார்கள். 1802இல் ஆங்கிலேயரோடு அமியன் சமாதான உடன்படிக்கை வந்தபோது பிரான்ஸ், தன் கூட்டாளியான ஒல்லாந்தரின் இலங்கைப் பகுதிகளை அப்படியே விட்டுக்கொடுத்தது. நம் ஊரும் அதில் போனது.

கோணேசர் கோயிலுக்கு வரும்போது பிரெட்ரிக் கோட்டை வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். எல்லாரும் மான்களைப் பார்த்தபடி உள்ளே போய்விடுகிறார்கள். வாசல் கல்லில் இரண்டு மீன்கள், கூடவே சிதைந்த தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறிக் கடந்த வாசல் அது. அப்பப்பாவால் நடக்க முடிந்தால் அவரையும் கூட்டிவாருங்கள்.