1660-க்குப் பிறகு ஆங்கிலம் ஏன் மாறியது? ரெஸ்டரேஷன் காலம் பற்றிய உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்கள் ஷேக்ஸ்பியரை ஆசையாகப் படிக்கிறார்கள், வேர்ட்ஸ்வொர்த்தை ஆசையாகப் படிக்கிறார்கள், நடுவில் வருகிற ரெஸ்டரேஷன் காலத்தை, அதாவது 1660-இல் இங்கிலாந்தில் மன்னராட்சி திரும்பிவந்ததை ஒட்டிய காலத்தை மட்டும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதில் பல வருட வருத்தம். அதனால்தான் இந்தக் காலத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

மேடம், ஒரு ராஜா திரும்பி வந்தார், அவ்வளவுதானே? அதற்காக 1660-இல் ஒரு புது இலக்கியக் காலமே தொடங்கியது என்று ஏன் சொல்கிறார்கள்?

அவர் திரும்பி வந்ததை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அதற்கு முந்தைய பதினெட்டு வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள். 1642-இல் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது, அந்த செப்டம்பரிலேயே பாராளுமன்றம் நாடக அரங்குகளை மூடிவிட்டது. 1649 ஜனவரி 30 அன்று முதலாம் சார்லஸை அவருடைய வைட்ஹால் அரண்மனைக்கு வெளியே மேடை கட்டி, ஊரே பார்க்கத் தலையை வெட்டினார்கள். அப்புறம் பாராளுமன்றப் படைத் தலைவர் கிராம்வெல் ஆட்சி. அவர் 1658-இல் இறந்தார், மகனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1660 மே 29 அன்று, தன் முப்பதாவது பிறந்தநாளில், கொல்லப்பட்டவரின் மகன் இரண்டாம் சார்லஸ் லண்டனுக்குள் நுழைந்தார்.

இந்த இடைவெளியில் நாட்டைத் தாக்கிய இன்னொரு வெள்ளம் அச்சடித்த சொல். பழைய தணிக்கை உடைந்ததும் துண்டுப் பிரசுரங்கள் கொட்டின. ஜார்ஜ் தாமசன் என்ற லண்டன் புத்தக வியாபாரி 1640-இலிருந்து 1661 வரை சேகரித்து வைத்தது மட்டுமே சுமார் 22,000 இருக்கும், இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அவற்றில் எத்தனையோ பேர் கடவுள் தன் பக்கம் என்று சத்தியம் செய்கிறார்கள். இத்தனை ஆவேசப் பேச்சும் ரத்தத்தில் போய் முடிந்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறைதான் 1660-க்குப் பிறகு எழுத உட்காருகிறது. அலங்காரமாக, ஆவேசமாகப் பேசுகிறவனைக் கண்டால் அவர்களுக்குப் பயம். என்னைக் கேட்டால், இந்தக் காலத்தைத் திறக்கிற சாவி சொல்லின் மேல் வந்த இந்தச் சந்தேகம்தான்.

ராயல் சொசைட்டி விஞ்ஞானிகளின் சங்கம். அதற்கும் ஆங்கில உரைநடைக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. 1660 நவம்பர் 28 அன்று லண்டன் கிரெஷாம் கல்லூரியில் கிறிஸ்டோபர் ரென் வானியல் பற்றிப் பேசி முடித்த பிறகு பன்னிரண்டு பேர் கூடி இனி வாராவாரம் சந்திப்போம், சோதனைகள் செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். 1662-இல் அரச சாசனம் கிடைத்தது. யார் சொன்னாலும் அப்படியே நம்பாதே என்ற பொருள் வரும் லத்தீன் வாசகத்தைத் தங்கள் கொள்கையாக வைத்துக்கொண்டார்கள். இவர்களில் சிலர் போர்க்காலத்திலேயே சந்தித்துவந்தவர்கள். அந்தக் கூட்டங்களில் மதமும் அரசியலும் பேசக் கூடாது என்று விதி இருந்ததாக அவர்களில் ஒருவரான கணித அறிஞர் ஜான் வாலிஸ் எழுதியிருக்கிறார். ஏன் அந்த விதி என்று யோசித்தால் முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான் இங்கேயும் வருகிறது. வெளியே இரண்டு பேர் மதம் பேசினால் சண்டை, உள்ளே ஒரு காற்றுப் பம்பைச் சுற்றி நின்றால் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள்கூட ஒத்துப்போக முடிந்தது.

1667-இல் தாமஸ் ஸ்ப்ராட் இந்தச் சங்கத்தின் வரலாற்றை எழுதினார். சங்கம் உருவாகி ஏழு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் வரலாறு! அதில் மொழியைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. வீங்கிய நடையும் சுற்றி வளைக்கிற பேச்சும் வேண்டாம், பண்டிதர்களின் மொழியைவிடக் கைவினைஞர்கள், கிராமத்தார், வியாபாரிகள் பேசுகிற மொழியே உறுப்பினர்களுக்கு வேண்டும், கணிதம்போல வெளிப்படையாக எழுத வேண்டும் என்கிறார்.

இது வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை என்பதற்கு நான் வகுப்பில் எப்போதும் காட்டுகிற சாட்சி ஜோசப் கிளான்வில். அறிவின் எல்லைகளைப் பற்றி 1661-இல் உவமைக்கு மேல் உவமையாக ஒரு புத்தகம் எழுதினார். பிறகு ராயல் சொசைட்டியில் சேர்ந்தார். 1665-இல் அதையே திருத்தி வெளியிட்டார், 1676-இல் சுருக்கிக் கட்டுரையாக மறுபடி எழுதினார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே மனிதர், ஒரே கருத்து, வாக்கியங்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு வருகின்றன.

ஆனால் எல்லாப் பெருமையையும் விஞ்ஞானிகளுக்கே கொடுத்துவிடாதீர்கள். காபிக் கடை அரட்டை, பிரான்சில் நாடு கடந்து வாழ்ந்த அரசவையினர் அங்கிருந்து கொண்டுவந்த ரசனை, டில்லட்சன் போன்ற பாதிரியார்களின் தெளிவான பிரசங்கம், எல்லாம் சேர்ந்துதான் அந்த நடை உருவானது. விஞ்ஞானம் மட்டுமே காரணம் என்று எழுதும் கைடுகளை நான் ஏற்கவில்லை.

மில்டன் பியூரிட்டன் ஆள். அவர் எப்படி ரெஸ்டரேஷன் காலத்தில் வருகிறார்? வருடத்தை வைத்துத் தள்ளிவிட்டார்களா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். பியூரிட்டன்கள் என்றால் மன்னரை எதிர்த்துப் பாராளுமன்றத்தின் பக்கம் நின்ற கண்டிப்பான புராட்டஸ்டன்டுகள், 1660-இல் தோற்றவர்கள். கவிஞர் மில்டனை இந்தக் காலத்திலிருந்து பிரித்துவிட்டால் அந்தத் தோற்றவர்களின் குரலே இல்லாமல் போய்விடும்.

மன்னரைக் கொன்றது சரி என்று உலகத்துக்கே லத்தீனில் வாதாடியவர் மில்டன். 1649-இலிருந்து புதிய அரசில் அயல்மொழிச் செயலாளர். 1652 வாக்கில் முழுப் பார்வையும் போய்விட்டது. 1660-இல் நண்பர் வீட்டில் ஒளிந்திருந்தார், அவருடைய புத்தகங்களைத் தூக்குத்தண்டனை நிறைவேற்றுபவன் கையால் எரித்தார்கள், கொஞ்ச நாள் சிறையிலும் இருந்தார். உயிர் தப்பியதே பெரிது. கட்சி தோற்றுவிட்டது, கண் தெரியாது. அந்த நிலையில் வாயால் சொல்லிச் சொல்லிப் பிறரை எழுதவைத்து முடித்ததுதான் 1667-இல் வந்த ‘பாரடைஸ் லாஸ்ட்’, ஆதாமும் ஏவாளும் சாத்தானால் சொர்க்கத் தோட்டத்தை இழந்த கதையைச் சொல்லும் காவியம். பதிப்பாளர் சாமுவேல் சிமன்ஸ் முன்பணமாகக் கொடுத்தது 5 பவுண்டு, முதல் 1,300 பிரதிகள் விற்றால் இன்னொரு 5 பவுண்டு என்று ஒப்பந்தம்.

கிரகணம் மன்னர்களைக் கலங்கவைக்கிறது என்று முதல் காண்டத்தில் ஓர் உவமை வரும். தணிக்கை அதிகாரி அந்த இடத்தில் தடுத்து நிறுத்தப் பார்த்தாராம், மில்டனின் ஆரம்பகால வாழ்க்கை வரலாற்றாசிரியர் டோலண்ட் 1698-இல் எழுதியிருக்கிறார். யாப்பிலும் அரசியல் இருக்கிறது. அரசவைக் கவிஞர்கள் எல்லோரும் அடிகளின் கடைசியில் ஓசை ஒத்துவரும் இயைபில் எழுதிக்கொண்டிருந்தபோது இவர் அதை விட்டார், விட்டதற்கு ஒரு குறிப்பும் எழுதிச் சேர்த்தார், இயைபு ஒரு தளை, நான் மீட்டது பழைய சுதந்திரம் என்று. ‘சுதந்திரம்’ என்ற சொல்லை அந்த மனிதர் அந்த வருடங்களில் வேறு எங்கே சொல்லியிருக்க முடியும்?

விஞ்ஞானமும் இருக்கிறது. இளமையில் இத்தாலி போனபோது, விசாரணைக்குள்ளாகி அடைபட்டுக் கிடந்த கலிலியோவைச் சந்தித்ததாக மில்டனே எழுதியிருக்கிறார். சாத்தானின் கேடயத்தைத் தொலைநோக்கியில் தெரியும் நிலாவுக்கு ஒப்பிடுகிற இடத்தைத் தேடிப் படியுங்கள். எட்டாம் காண்டத்தில் சூரியன் சுற்றுகிறதா பூமி சுற்றுகிறதா என்ற சந்தேகம் ஆதாமுக்கு வருகிறது, தேவதூதர் இரண்டு வாய்ப்பையும் விரித்துச் சொல்லிவிட்டு முடிவு சொல்லாமல் விட்டுவிடுகிறார். பழைய வானம் உடைந்துவிட்டது, புதியதில் இன்னும் குடியேறவில்லை. அந்தத் தத்தளிப்பை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன வேறொரு கவிதையை நான் படித்ததில்லை.

இதே வரிசையில் ஜான் பன்யனையும் வையுங்கள். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660-இலிருந்து 1672 வரை பெட்ஃபோர்டு சிறை. 1678-இல் அவர் வெளியிட்ட ‘பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்’ எளிய நடைக்கு யாரிடமும் பாடம் கேட்கவில்லை, பைபிளிலும், பாத்திரத்துக்கு ஈயம் பூசிப் பிழைத்த அவருடைய பேச்சிலும் இருந்து வந்த நடை அது.

பிளேக், லண்டன் தீ விபத்து இலக்கியத்தைப் பாதித்ததா?

பாதித்தது. 1665 பிளேக்கில் அரங்குகள் மூடின, 1666 செப்டம்பர் தீயில் செயின்ட் பால் தேவாலயத்துக்கு அடியில் பத்திரமாக இருக்கும் என்று புத்தக வியாபாரிகள் கொண்டுபோய் அடுக்கிய புத்தகங்கள் எரிந்தன. கவிஞர் டிரைடன் அந்த வருடத்தைப் பற்றி ஒரு நீண்ட கவிதை எழுதினார்.

டிரைடன் பச்சோந்தி என்று எங்கள் சார் சொல்கிறார். கிராம்வெல் செத்ததும் புகழ் பாடினார், ராஜா வந்ததும் அவரையும் பாடினார். சரிதானே?

இரண்டையும் பாடியது உண்மை. ஆனால் நாடே மாறியபோதுதான் அவரும் மாறினார். கடைசி மாற்றத்தைப் பாருங்கள். சார்லஸுக்குப் பிறகு அரசரான அவருடைய தம்பி, கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில் டிரைடனும் கத்தோலிக்கர் ஆனார். 1688-இல் ஜேம்ஸ் துரத்தப்பட்டு புராட்டஸ்டன்டான வில்லியம் அரசராக வந்ததும், திரும்ப மதம் மாறியிருந்தால் அரசவைக் கவிஞர் பதவியும் சம்பளமும் தப்பியிருக்கும். மாறவில்லை. பதவி அவருடைய எதிரி ஷாட்வெல்லுக்குப் போனது. வயதான காலத்தில் மொழிபெயர்த்துப் பிழைத்தார், 1697-இல் வந்த, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் மொழிபெயர்ப்பை வில்லியமுக்குக் காணிக்கையாக்க மறுத்தார். பச்சோந்தி இப்படிச் செய்யாது.

அரசியல் எப்படிக் கவிதையாகிறது என்று பார்க்க டிரைடனின் ‘அப்சலோம் அண்ட் அகிடோஃபெல்’ போதும். சார்லஸுக்கு முறைப்படி பிறந்த வாரிசு இல்லை. தம்பி ஜேம்ஸ் கத்தோலிக்கர், அவரை ஒதுக்கிவிட்டு, சார்லஸுக்கு மணத்துக்கு வெளியே பிறந்த மகன் மன்மத் பிரபுவைக் கொண்டுவர அரசியல் தலைவர் ஷாஃப்ட்ஸ்பரி முயன்றார். விக், டோரி என்ற கட்சிப் பெயர்கள் இந்தச் சண்டையில்தான் நிலைபெற்றன. ஷாஃப்ட்ஸ்பரி மேல் தேசத்துரோக வழக்கு, 1681 நவம்பரில் ஜூரி கூடுவதற்குச் சில நாள் முன்பு இந்தக் கவிதை வெளியாகிறது, பைபிள் கதையைப் போர்த்திக்கொண்டு. ஜூரி அவரை விட்டுவிட்டது. கவிதை இன்றும் நிற்கிறது. ஈரடியில் ஒரு ஆளை முழுசாக வரைந்து முடித்துவிடுகிற கூர்மை அதில் உண்டு, குறள் படித்துப் பழகியவர்களுக்கு அந்தச் சுருக்கத்தின் ருசி சீக்கிரம் பிடிபடும்.

இன்னொன்று, டிரைடனும் ராயல் சொசைட்டியில் உறுப்பினர்தான், 1662-இல் சேர்ந்தார். சந்தா கட்டாததால் பிறகு நீக்கப்பட்டார்.

எழுத்தாளர்கள் எல்லோரும் விஞ்ஞானத்தை வரவேற்றார்களா?

இல்லவே இல்லை. 1676-இல் ஷாட்வெல் எழுதிய ‘தி விர்ச்சுவோசோ’ நாடகத்தில் சர் நிக்கலஸ் கிம்கிராக் என்று ஒரு கோமாளி விஞ்ஞானி வருவார், மேஜை மேல் படுத்து நீச்சல் பழகுவார், தண்ணீரில் இறங்க மாட்டார். நுண்ணோக்கியில் பார்த்ததை எல்லாம் வரைந்து 1665-இல் ‘மைக்ரோகிராஃபியா’வை வெளியிட்ட ராபர்ட் ஹூக் அந்த நாடகத்துக்குப் போனார், அரங்கில் எல்லோரும் தன்னையே காட்டிச் சிரிப்பதுபோல உணர்ந்து கொதித்துப்போய் நாட்குறிப்பில் எழுதினார். எனக்கு ஹூக் மேல்தான் இரக்கம். ஒரு தெள்ளுப்பூச்சியை அவ்வளவு பெரிதாக, அவ்வளவு அழகாக முதன்முதலில் காட்டியவர்.

இந்தக் காலத்தில் பெண்கள்?

மேடையில் பெண் வேடத்தைப் பையன்கள் போட்ட காலம் 1660-இல் முடிய ஆரம்பித்தது. அந்த டிசம்பரில் ‘ஒதெல்லோ’வின் டெஸ்டெமோனாவாக ஒரு பெண் நடித்தார். ஆஃப்ரா பென் ஆன்ட்வெர்ப்பில் அரசுக்காக உளவு பார்த்தவர், சம்பளம் சரியாக வராமல் கடனில் விழுந்து, பிறகு நாடகம் எழுதியே சம்பாதித்தார். உலகங்கள் பல உண்டு என்று பேசும் ஃபோன்டெனெல்லின் பிரெஞ்சு வானியல் நூலை 1688-இல் மொழிபெயர்த்தவரும் அவரே. மார்கரெட் கேவன்டிஷ் 1666-இல் விஞ்ஞான விவாத நூல் ஒன்றையும் அதோடு சேர்த்து ஒரு கற்பனை உலகக் கதையையும் வெளியிட்டார். நுண்ணோக்கி காட்டுவதை அப்படியே நம்பலாமா என்று கேட்டவர். 1667 மே மாதம் ராயல் சொசைட்டிக்குப் போய்ச் சோதனைகளைப் பார்த்தார், பார்வையாளராக மட்டும். அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராக்கியது 1945-இல். இந்த இரண்டு வருடங்களுக்கும் நடுவில் 278 வருடம், நினைக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

காலம் எப்போது முடிகிறது? 1688-ஆ, 1700-ஆ?

பரீட்சைக்கு 1700, டிரைடன் இறந்த வருடம். என் மனதுக்கு 1695. அச்சுக்கு முன்அனுமதி கேட்கும் சட்டம் அந்த வருடம் காலாவதியானது, அதன் பிறகு செய்தித்தாளும் பத்திரிகையும் பெருகின, அந்த எளிய உரைநடைக்குத் தினமும் வேலை கிடைத்தது.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பு. கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்தவர், 1660 ஜனவரி 1 முதல் 1669 மே 31 வரை சுருக்கெழுத்தில் எழுதிவைத்தார், 1825-இல்தான் முதலில் அச்சானது. ஹூக்கின் நுண்ணோக்கிப் புத்தகத்தை நடுராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து படித்ததும் அதில் இருக்கிறது. பின்னாளில் ராயல் சொசைட்டி தலைவரானார், நியூட்டனின் ‘பிரின்சிபியா’ முகப்பில் அனுமதி கொடுத்தவராக இவர் பெயர்தான் இருக்கும்.

முழுதும் வேண்டாம், முதலில் 1666 செப்டம்பர் 2-இலிருந்து ஒரு வாரம் மட்டும் படியுங்கள். அதிகாலை மூன்று மணிக்கு வேலைக்காரப் பெண் எழுப்பி ஊரில் தீ என்கிறாள், ஜன்னலில் பார்த்துவிட்டு, தூரத்தில்தானே இருக்கிறது என்று மறுபடி போய்ப் படுத்துக்கொள்கிறார். இரண்டு நாள் கழித்து அதே மனிதர் குழி தோண்டி ஒயினையும் பார்மேசன் சீஸையும் புதைத்துக்கொண்டிருப்பார்.