மெட்ரிக் பள்ளிக்கு மாற்றலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோட்டையூரில் உள்ள எங்கள் பழைய வீட்டை ஓர் அம்மாள்தான் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றிப் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் இருப்பது சென்னையில். அவர் கணவருக்குப் புதுவயல் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் வேலை, மில் ஓடும் நாளில்தான் கூலி. மூத்த பெண் அரசுப் பள்ளியில் 7ஆம் வகுப்பு முடித்திருக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள். இளையவன் 3ஆம் வகுப்பு. நானும் மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்ட என் தம்பியும் சேர்ந்து வருடத்துக்கு 40,000 ரூபாய் ஒதுக்கி, பெண்ணைக் காரைக்குடியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் சேர்க்க நினைக்கிறோம். பீஸ், வேன் எல்லாம் சேர்த்து அவ்வளவு ஆகுமாம். இது சரிதானா? பணத்தை யார் கையில் கொடுப்பது?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள ஆச்சி,

பணத்தைக் கொடுங்கள், பள்ளியை மாற்றாதீர்கள்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் நீட்டினார்கள். அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அதற்கும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். இந்தப் பெண் ஏற்கெனவே இரண்டு வருடம் முடித்துவிட்டாள். இப்போது நீங்கள் மெட்ரிக்கில் சேர்த்தால், நல்லெண்ணத்தோடு அவளுடைய இரண்டு உரிமைகளைப் பறித்ததாகிவிடும்.

படிப்பு வழியும் இடிக்கும். தமிழ் வழியில் கணக்கும் அறிவியலும் படித்த பிள்ளை 8ஆம் வகுப்பில் ஆங்கில வழிக்குப் போனால், பாடம் புரிவதற்கு முன்னால் வார்த்தை புரிய வேண்டும். முதல் வருடம் மார்க் சரியும், 'நன்றாகப் படிக்கிற பிள்ளை' என்ற பெயர் போகும், டியூஷன் செலவு ஏறும். அதற்குமேல், 40,000 என்பது இந்த வருடக் கணக்கு. 12 முடிய ஐந்து வருடம் இருக்கிறது, பீஸ் ஏறிக்கொண்டே போகும். 10ஆம் வகுப்பில் உங்களால் முடியாமல் போனால் கட்டாத பீஸுக்காக அந்தத் தாய் யாரிடம் போய் நிற்பார்?

அரசுப் பள்ளியில் எல்லாம் இலவசமாயிற்றே, பிறகு எதற்குப் பணம் என்று நீங்கள் கேட்கலாம். இலவசம் எந்த வகுப்போடு நிற்கிறது என்று பாருங்கள். காலை உணவு 5ஆம் வகுப்பு வரைதான். இலவசச் சீருடை 8 வரை. மதிய உணவு 10 வரை. பாடப் புத்தகம் 12 வரை வரும், பஸ் பாஸ் உண்டு, 11இல் சைக்கிள் கிடைக்கும். ஆனால் வகுப்பு ஏற ஏற அரசு தருவது குறைந்து வீட்டுச் செலவு கூடுகிறது. 9ஆம் வகுப்பில் சீருடைத் துணியும் தையல் கூலியும் முதல் தடவையாக வீட்டின் தலையில் விழும். 11இல் மதியச் சாப்பாட்டையும் கட்டிக் கொடுத்தாக வேண்டும். அதே வயதில்தான் ஜவுளிக்கடையிலோ மில்லிலோ மாதச் சம்பளம் தருகிறோம் என்று ஆள் வருவார்கள். 8 முடிந்ததும், 10ஆம் வகுப்புப் பரீட்சைக்கும் ரிசல்ட்டுக்கும் நடுவிலும் பிள்ளைகள் நின்றுவிடுவது இதனால்தான். படிப்பு ஏறாததால் நிற்கிறவர்கள் குறைவு.

ஆகவே 40,000ஐ நான் இப்படிப் பிரிப்பேன். மாதம் 1,500 ரூபாய் தாயின் கணக்குக்கு, வருடத்துக்கு 18,000. தேதி தவறக் கூடாது. அவருக்கு மகளிர் குழுக் கடன் இருந்தால், தவணை என்றைக்கு என்று கேட்டு அதற்கு இரண்டு நாள் முன்னால் போடுங்கள். அந்தப் பணத்தில் தவணை கட்டினால் கோபப்படாதீர்கள். தவணை தவறி வீட்டு வாசலில் ஆள் வந்து உட்காராமல் இருப்பதும் அந்தப் பெண்ணின் படிப்புக்குத்தான். ஜூன் முதல் வாரம் 4,000, நோட்டு, செருப்பு, கைடு வாங்க. தபால் ஆபீஸில் மாதம் 1,000 ரூபாய்க்கு ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் சேமிப்பு. அது ஐந்து வருடக் கணக்கு, 8ஆம் வகுப்புத் தொடக்கத்தில் போட்டால் அவள் 12 முடிக்கும் நேரத்தில் 60,000 அசலும் வட்டியும் கைக்கு வரும். 10 வயது தாண்டிய பிள்ளை தன் பெயரிலேயே தொடங்கலாம். (செல்வமகள் கணக்குக்குப் பலர் ஓடுகிறார்கள், அதை 10 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும்.) மீதி 6,000 உங்களிடமே இருக்கட்டும். கண்ணாடி, காய்ச்சல், தாய்க்கு உடம்பு முடியாமல் போவது என்று ஏதாவது வரும். தாய் படுத்தால் வீட்டில் நிறுத்தப்படுவது மூத்த பெண்தான்.

ஆர்.டி. பணம் கல்லூரியில் சேரும் அந்தச் சில நாட்களுக்கு. கவுன்சலிங் கட்டணம், போக வர, ஹாஸ்டல் முன்பணம் எல்லாம் உடனே கேட்பார்கள். உதவித்தொகையோ சேர்ந்து பல மாதம் கழித்துத்தான் வரும். இடம் கிடைத்தும் சேராமல் போகிற பிள்ளைகள் அந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள்.

இந்த வருடமே செய்ய வேண்டியது ஒன்று: 8ஆம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு. வென்றால் 9 முதல் 12 வரை வருடம் 12,000 ரூபாய். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். 7இல் 55 சதவீத மார்க்கும், 3.5 லட்சத்துக்கு மேற்படாத பெற்றோர் வருமானமும் வேண்டும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு மார்க்கில் 5 சதவீதச் சலுகை உண்டு. இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிடம். பாடக் கேள்வித் தாளைப் பள்ளியே பார்த்துக்கொள்ளும். பிள்ளைகள் தடுமாறுவது எண் தொடர், உருவ ஒப்புமை வகையிலான மனத்திறன் தாளில், நேரம் போதாமல். பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பழகினால் போதும். வென்ற பிறகு வருடந்தோறும் உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும், அதை மறந்து இழப்பவர்கள் உண்டு. 10இல் 60 சதவீதம் எடுத்தால்தான் 11, 12க்குத் தொடரும்.

பணம் ஒதுக்கியும் வந்து சேராததற்குக் காரணம் பெரும்பாலும் காகிதம். ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிப் பதிவில் வேறு இனிஷியல். கணக்கில் ஆதார் எண் கொடுத்திருப்பார்கள், ஆனால் நேரடி மானியம் வருவதற்கான இணைப்பு செய்திருக்க மாட்டார்கள். இரண்டு வருடம் வரவுசெலவு இல்லாத கணக்கை வங்கி செயலற்றதாக்கிவிடும். 15 வயதில் கைரேகையும் கருவிழியும் மறுபடி பதிய வேண்டும், அது சரியாக 10ஆம் வகுப்பில் வந்து நிற்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஆதார், பாஸ்புக், பள்ளிப் பதிவு மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள்.

தகப்பனார் மூட்டை தூக்குகிறவர் என்பதால் இதையும் சொல்கிறேன். அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் பெற்றோர் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 75,000 ரூபாய் அரசு நிதி உண்டு. விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகப் போகும்.

நீங்கள் கேட்காத ஒன்று. அந்த அம்மாள் உங்கள் வீட்டில் வேலை பார்ப்பவர். நாளைக்கு வேலையை விட்டுவிட்டால் பெண்ணின் படிப்புப் பணம் நிற்குமா? நிற்காது என்று முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அது உதவியாக இருக்காது, பிணையாகிவிடும். சம்பளத்தைக் கூட்டுவதையும் யோசியுங்கள், நம் பக்கம் கல்லூரி கட்ட நிலம் கொடுக்கும் கை வீட்டு வேலைச் சம்பளத்தில் சுருங்கிவிடும். அப்புறம் அந்தப் பையன். அக்காவுக்கு மட்டும் பை நிறைய வந்தால் அவனுக்கு வலிக்கும், ஜூனில் அவனுக்கும் நோட்டும் செருப்பும் சேர்த்து வாங்குங்கள். நன்றிக் கடிதம், மேடை, போட்டோ எதுவும் வேண்டாம். பேசுவதென்றால் தாயின் போனில், தாய் பக்கத்தில் இருக்கும்போது.

தம்பி விஷயம். இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மலேசியக் குடிமகன் ஆகிவிட்டவர் அனுப்புவது ஆகும். எனவே எப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாத உள்ளூர் டிரஸ்ட்டுக்கு அவர் ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது. பதிவு உள்ள டிரஸ்ட் என்றாலும், பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள அதன் கணக்குக்குத்தான் வர வேண்டும். உடன்பிறந்தவர் என்ற முறையில் உங்களுக்கு அவர் நேராக அனுப்பலாம், வருடத்துக்கு 10 லட்சம் வரை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. இரண்டு குழந்தைகளுக்காக டிரஸ்ட் தொடங்குவது வீண் வேலை. பெண்ணுக்கு நேரடியாகக் கொடுப்பதற்கு 80ஜி எனப்படும் நன்கொடை வரிச்சலுகை கிடையாது. புதிய வரி முறையில் நீங்கள் இருந்தால், டிரஸ்ட் வழியாகக் கொடுத்தாலும் கிடைக்கப் போவதில்லை.